அக்கா கையெழுத்து

பாகப்பிரிவினைக்கு வரும் பெண்களிடம் உங்களுக்குக் கல்யாணம் எந்த வருஷம் ஆனது என்று கேட்டால் சிரிப்பார்கள். பத்திரம் எழுதுகிறவனுக்கு அந்தக் கணக்கு எதற்கு? ஒரு காலத்தில் அது எங்களுக்கு மிகவும் வேண்டிய கணக்கு. தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் அமலுக்கு வந்த 1989 மார்ச் 25-க்கு முன்னால் தாலி கட்டிக்கொண்டவளுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை கிடையாது. அன்றைக்குக் கல்யாணம் ஆகாமல் இருந்தவளுக்கு அண்ணன் தம்பிக்குச் சமமாகப் பங்கு உண்டு. அந்த ஆண்டு மாசியில் முகூர்த்தம் வைத்த அக்காவுக்குச் சீர்வரிசையோடு சரி, வைகாசியில் வைத்த தங்கைக்குச் சீரும் உண்டு, ஏரிப் பாசன நிலத்தில் பங்கும் உண்டு. ஒரே வீட்டில் இப்படி இரண்டு பேர் என் எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். 2005-இல்தான் நாடு முழுவதற்குமான திருத்தம் வந்து இந்தக் கல்யாணத் தேதிக் கணக்கை ஒழித்தது.

நான் பத்திரம் எழுதும் திமிரிக்குச் சரித்திரப் புத்தகத்தில் இடம் கிடைத்தது 1751-இல். ஆற்காட்டைப் பிடித்த கிளைவ் இங்கிருந்த கோட்டைமீதும் படை கொண்டு வந்தான். அதோடு புத்தகக்காரர்கள் எங்களை விட்டுவிட்டார்கள். ஆற்காடு–ஆரணி சாலையில் பேருந்தில் போகிறவர்களுக்கு இது ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த திமிரி கிரயம், தானம், பாகம், விடுதலை என்று பத்திரங்களில் இருக்கிறது. அதில் விடுதலைப் பத்திரம்தான் இந்தப் பக்கத்துப் பெண்கள் அதிகமாகக் கையெழுத்துப் போட்டிருக்கும் பத்திரம். மேற்படி சொத்தில் தனக்குள்ள பாகத்தை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து, இனி யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் தனக்கில்லை என்று எழுதிக்கொடுப்பது. குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வையும் குறைவு. அன்று காலை தங்கைக்கு ஒரு பட்டுப்புடவை, மத்தியானம் ஓட்டலில் சாப்பாடு. கொஞ்சம் வசதியான அண்ணன் என்றால் ஒரு பவுன்.

ஒரு முறை கல்லூரி முடித்த பையன் ஒருவன் அக்காவோடும் அப்பாவோடும் வந்தான். பெரியார் படம் போட்ட கறுப்பு பனியன். அக்கா ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவள். விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. அவள் சம்பளத்தில்தான் தம்பி படித்தான் என்பதை அப்பாவே பெருமையாகச் சொன்னார். அந்த அக்காவிடம்தான் விடுதலை எழுதி வாங்க வந்திருந்தார்கள். பையனிடம் பனியனைக் காட்டி, “இவர் என்ன சொன்னார்னு தெரியுமா தம்பி?” என்றேன். “தெரியும் சார். நான் ஃபெமினிஸ்ட்தான். ஆனா இது அப்பா எடுத்த முடிவு” என்றான்.

அவனைக் குறை சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அவனுக்கு முன்னோர் வரிசை ஒன்று இருக்கிறது. நம் நாட்டில் பெண்ணுரிமை மேடைகளில் ஆண்களின் குரல் நூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. திரு.வி.க. ‘பெண்ணின் பெருமை’யை வெளியிட்டது 1927-இல். வாலாஜா பக்கத்து வேலத்துக்காரரான மு.வ. அண்ணன் தங்கைக்கு எழுதும் கடிதங்களாகவே ஒரு புத்தகம் போட்டார். தங்கை அண்ணனுக்கு எழுதிய கடிதம் எதுவும் அச்சேறியதாக எனக்கு நினைவில்லை.

1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. தலைமை டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன். பெண்ணுக்கு ஆணோடு சம சொத்துரிமை, விவாகரத்து உரிமை, விதவை மறுமணம், பிடித்த தொழில் செய்யும் உரிமை என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரணப் பேச்சில்லை. விதவைக்குப் புருஷன் சொத்தில் ஆயுள்காலப் பங்கு கிடைக்கவே 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1956-இல் வந்த வாரிசுரிமைச் சட்டம்கூடப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமையை மகனுக்கு மட்டும்தான் வைத்தது. செங்கல்பட்டில் கை தூக்கி நிறைவேற்றிய சொத்துரிமைத் தீர்மானம் சென்னையில் சட்டமாகிப் பத்திர எழுத்தர் கைக்கு வர அறுபது வருஷம் ஆயிற்று. நமக்கு முன்பே, 1985-இல், ஆந்திராவில் என்.டி.ராமராவ் ஆட்சி அதைச் செய்துவிட்டது.

அறுபது வருஷம் ஏன் என்று கேட்டால் அரசியல் சொல்வார்கள். நான் சொல்வது வேறு. தீர்மானம் போட்டவர்களும் ஓட்டுப் போட்டவர்களும் யாருக்காவது அண்ணன் தம்பிகள்தான்.

சுயமரியாதைக் கல்யாணத்தின் கதையிலும் இந்த ஆண் கணக்கு உண்டு. 1928-இல் தொடங்கிய வழக்கம் அது. ஐயர் இல்லை, அக்கினி இல்லை, மாலை மாற்றி, பேசி முடித்தால் கல்யாணம். வட ஆற்காட்டில் ஊருக்கு ஒரு குடும்பமாவது அப்படிக் கட்டியிருக்கும். தலைமை தாங்க வந்தவர் மணமகளுக்குச் சமத்துவம் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். ஆனால் 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் அப்படி நடந்த கல்யாணம் சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. கல்யாணமே செல்லாதென்றால் ஆணுக்கு என்ன போயிற்று? நிலம் அவன் பெயரில், வீடு அவன் பெயரில். மனைவி என்ற பாத்தியத்தை இழந்தவள் அவள். அண்ணா முதலமைச்சராகி 1967-இல் சட்டம் கொண்டுவந்து, முன்பு நடந்தவையும் செல்லும் என்று ஆக்கும்வரை, மேடையில் பேசிய பேச்சின் செலவு பெண் கணக்கில்தான் ஏறியிருந்தது.

பெரியாருக்கு இது தெரியாமல் இல்லை. ஆண்கள் பாடுபட்டுப் பெண்களுக்கு விடுதலை வாங்கித் தருவார்கள் என்பதையே அவர் நம்பவில்லை. பூனை எலிக்கு விடுதலை கொடுக்குமா என்கிற மாதிரி கேட்டு எழுதினார். தானும் ஆண்தான் என்பது தெரிந்துதானே எழுதினார்? நான் பெண்களுக்காகப் பேசுகிறேன், என்னையும் சந்தேகி என்று சொல்லும் தைரியம் அது. அந்தப் பனியன் பையனுக்கு வாய்க்காதது அதுதான்.

அவன் தனக்குத்தானே ஃபெமினிஸ்ட் என்று பெயர் வைத்துக்கொண்டானே, அந்தப் பெயர் வைக்கும் விஷயத்தில் 1938-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி சென்னையில் பெண்கள் மாநாடு கூடியது. தலைமை மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார். டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், மீனாம்பாள் சிவராஜ் போன்றவர்கள் முன்னின்ற காலம். ஈ.வெ.ராமசாமியை இனி ‘பெரியார்’ என்றே அழைக்க வேண்டும் என்று அந்த மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். பெண்களுக்காகப் பேசிய ஆணுக்கு என்ன பெயர் என்பதைப் பெண்களே கூடி முடிவு செய்து கொடுத்தார்கள். அவராக எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. ஆண் தன்னைப் பெண்ணியவாதி என்று சொல்லிக்கொள்ளலாமா என்று யார் கேட்டாலும் நான் இந்த மாநாட்டைத்தான் சொல்வேன். எங்கள் தொழிலில் தானம் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவராகவே இருந்தால் பத்திரம் ஆகாது.

அதோடு கதை நிற்கவில்லை. மாநாடு முடிந்த மறுநாளே பெண்கள் இந்தி எதிர்ப்பு மறியலில் இறங்கினார்கள், கைதானார்கள். சிலர் கைக்குழந்தையோடு சிறை போனார்கள். அரசாங்கம் என்ன செய்தது? மாநாட்டில் பேசிப் பெண்களைத் தூண்டிவிட்டார் என்று பெரியார்மீது வழக்குப் போட்டுத் தண்டித்தது. தானாகவே ஒரு பெண் போய்த் தெருவில் மறியல் செய்வாள் என்பது அன்றைய ராஜாஜி அரசாங்கத்தின் புத்திக்கு எட்டவில்லை. பின்னால் ஒரு ஆண் இருந்தாக வேண்டும்.

பதினொரு வருஷம் கழித்து எங்கள் வேலூர்ப் பெண் ஒருத்தி விஷயத்தில், எதிர்ப்பக்கத்தில் நின்றவர்கள் அல்ல, கூட இருந்தவர்களே அப்படித்தான் பேசினார்கள். 1949 ஜூலை 9-இல் பெரியார் மணியம்மையைத் திருமணம் செய்துகொண்டார். அவருக்கு எழுபது நெருங்கியிருந்தது. மணியம்மைக்கு முப்பதையொட்டிய வயது. அவருடைய திராவிடர் கழகமே உடைந்தது, செப்டம்பரில் தி.மு.க. பிறந்தது. வயது வித்தியாசம் யாருக்கும் உறுத்தத்தான் செய்யும், அதை மறுக்கவில்லை. ஆனால் பொருந்தாத் திருமணம் என்று மாதக்கணக்கில் எழுதிய, பேசிய ஆண்களில் பலர், அந்தப் பெண் தன் விருப்பத்தோடு எடுத்த முடிவு என்ற கோணத்துக்கே வரவில்லை. பெண்ணுக்குத் தன் வாழ்வைத் தேர்ந்துகொள்ளும் உரிமை உண்டென்று முந்தைய வாரம்வரை பேசியவர்கள்தான். 1973 டிசம்பர் 24-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பெரியார் இறந்தார். ஐடா ஸ்கடர் பெண்களுக்காகத் தொடங்கிய இடம் அது. 1918-இல் அங்கே வந்த மருத்துவப் பள்ளியில் 1947 வரை ஆண்களைச் சேர்க்கவே இல்லை. பெரியாருக்குப் பின் திராவிடர் கழகத்துக்குத் தலைமை ஏற்றது மணியம்மைதான். 1978-இல் இறக்கும்வரை நடத்தினார்.

மறுபடி என் மேசைக்கு வருகிறேன். 2005 திருத்தத்துக்குப் பிறகு பெண்களின் நிலை கொஞ்சம் மாறியது என்றால் அதற்குக் காரணம் மேடை அல்ல, மனை வாங்குகிறவர்கள். ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் நிலம் விலை ஏற ஏற, வாங்குகிறவரும் கடன் கொடுக்கும் வங்கியும் வக்கீலிடம் பத்திரங்களைக் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். வக்கீல் வாரிசுச் சான்றைப் புரட்டி, மகள்கள் இரண்டு பேர் இருக்கிறார்களே, கையெழுத்து எங்கே என்கிறார். 2020 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம், 2005-இல் அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது முக்கியமில்லை, மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை என்று தீர்ப்புச் சொன்ன பிறகு வக்கீல்கள் இன்னும் கறார். வருஷக்கணக்கில் அக்கா வீட்டுப் படி ஏறாத தம்பிகள் பழத்தட்டோடு போனார்கள். எந்தக் கொள்கையும் இல்லாத நிலத் தரகர்கள் அக்கா கையெழுத்துக்கு ஒரு விலை வைத்துவிட்டார்கள்.

மகளுக்குச் சமமாக எழுதி வைத்த அப்பாக்களும் உண்டு. அவர்களில் பாதிப் பேர் அந்த வாரம் மகனோடு சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள். கோபம் தணிந்ததும் ரத்துப் பத்திரம் எழுத முடியுமா என்று கேட்டு வருவார்கள்.

பெண்கள் ஏன் எழுதிக் கொடுக்கிறார்கள் என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் ஏமாளிகள் இல்லை. “நாள பின்ன ஒரு நல்லது கெட்டதுன்னா அண்ணன் வாசல்லதானே வந்து நிக்கணும்” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். புருஷன் அடித்தால் வந்து படுக்க ஒரு திண்ணை வேண்டும். ஒரு ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டால் இதையெல்லாம் யார் தருவார்?

ஆனால் மாதச் சம்பளம் வாங்குகிற பெண்களிடம் இந்தக் கணக்கு லேசாக மாறி வருகிறது. ஷூ கம்பெனியில் லைனில் நின்று, சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கி, பி.எஃப். பிடித்தம் போக எவ்வளவு கைக்கு வரும் என்று மனப்பாடமாகச் சொல்கிறவள், காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. அப்படி ஒருத்தி, நான் முழுப் பத்திரத்தையும் படித்துக் காட்டிய பிறகு, “நான் கையெழுத்துப் போடலன்னா இன்னா ஆவும்ணா?” என்று கேட்டாள்.

“ஒண்ணும் ஆவாதும்மா. உன் பங்கு உன்கிட்டயே இருக்கும்.”

கூட வந்த அண்ணன் என்னை முறைத்தார். பத்திரம் எழுத வந்தவனுக்கு வக்கீல் வேலை எதற்கு என்றார். எழுதியவரைக்கும் கூலி கொடுத்துவிட்டு, எதிர்வரிசையில் இருக்கும் இன்னொரு எழுத்தரிடம் போனார். சாயங்காலம் டீக்கடையில் அந்த எழுத்தரைக் கேட்டேன். தங்கச்சி வரவில்லையாம். அண்ணன் மட்டும் வந்து, பங்கைப் பிரித்தே எழுதுவதென்றால் என்ன செலவாகும் என்று விசாரித்துவிட்டுப் போனாராம்.