பம்பே இல்லாத கார்

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் மலையேறினால் ரேடியேட்டர் கொதிக்கும் என்பது எங்கள் செட்டுக்குப் பாலபாடம். ஆனால் 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி-யோடு ஒப்பிட்டால் அது தேவலை! முதல் 2,500 கார்கள் சுமாருக்குப் பிறகு அதில் தண்ணீர் பம்பே கிடையாது. சூடேறிய நீர் தானாக மேலே போய், ரேடியேட்டரில் ஆறி, கீழே இறங்கும். எனக்கு அந்த எளிமை பிடிக்கும். நீர்மட்டம் மேல்குழாய்க்குக் கீழே இறங்கினால் மட்டும் சுற்று நின்று, ஒரே ஆவி!

பிற்காலக் கார்களில் பம்போடு அழுத்த மூடியும் வந்தது. அழுத்தத்தில் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. பழைய கார் வாங்கி ஓட்டும் தம்பிகளே, சூட்டோடு மூடியைத் திறந்துடாதீங்க. அழுத்தம் விட்டதும் நீர் பொங்கி முகத்தில் அடிக்கும். ஈரச்சாக்கைப் போட்டுத் திறக்கிற பழைய டிரைவர்களின் துணிச்சலெல்லாம் வேண்டாம். என்ஜினை நிறுத்தி, பானட்டைத் தூக்கிவிட்டு, நிதானமா ரெண்டு டீ குடிச்சுட்டு வாங்க.