ஆணவமும் சுயமரியாதையும்
நாத்திகத்தின் மீதான ஒரு குற்றச்சாட்டின் வரலாறு

கடவுளை நம்புபவன் பணிவுடையவன், நம்பாதவன் அகந்தையுடையவன் என்னுங் கருத்து நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. இதற்கு மறுதலையான கருத்தும் உண்டு. அண்டங்களையெல்லாம் இயக்கும் ஒருவன் தனது வேண்டுதலுக்குச் செவிசாய்த்துத் தனக்கென உலக நியதியையே மாற்றுவான் என எண்ணும் ஆத்திகனே பெருந் தன்முனைப்பு உடையவன் என்பர் நாத்திகர். இரு கூற்றுக்களும் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றினும் ஓர் அடிப்படையில் ஒன்றுபடுகின்றன. தன்முனைப்பு என்பது தனிமனிதனது நம்பிக்கையிலிருந்து தோன்றுவது என இரண்டுமே கொள்கின்றன. இவ்வினாவை உளவியலுக்குள் அடக்கிவிடாது வரலாற்றின்பாற் கொண்டுவந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். யார், யாரை நோக்கி, எத்தகைய சமூகச் சூழலில் 'நீ ஆணவம் பிடித்தவன்' எனக் கூறினர் என்பதையே நாம் முதலிற் கேட்க விரும்புகின்றோம்.

1

இக்குற்றச்சாட்டு மிகத் தெளிவான வடிவில் எழுப்பப்பட்டு, அதே தெளிவுடன் விடையிறுக்கப்பட்ட ஒரு சந்தர்ப்பம் 1930ஆம் ஆண்டு லாகூர்ச் சிறையில் நேர்ந்தது. பகத்சிங் அவ்வாண்டு ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில், தமக்குரிய தீர்ப்பு வெளியாவதற்குச் சில நாள்களே இருந்த வேளையில், தாம் நாத்திகரானமைக்குக் காரணங்கூறும் கட்டுரையை எழுதினார். ஒக்டோபர் 7ஆந் திகதி மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1931 மார்ச் 23ஆந் திகதி அவர் தூக்கிலிடப்பட்டார். கட்டுரை 1931 செப்டெம்பரில் லாகூரிலிருந்து வெளிவந்த 'தி பீப்பிள்' இதழில் இடம்பெற்றது.

தமது நம்பிக்கையின்மைக்கு அகந்தையே காரணம் எனத் தம் நண்பர் சிலர் கருதுவதனைக் குறிப்பிட்டே பகத்சிங் கட்டுரையைத் தொடங்குகின்றார். அக்காலத்தில் அதே சிறையில் இருந்த கத்தர் இயக்கத்தவரான பாபா ரண்தீர்சிங்கைச் சந்தித்தமையே கட்டுரைக்கு உடனடித் தூண்டுதலாயிற்று என்பர். கடவுளுண்மையைப் பகத்சிங்குக்கு உணர்த்த முயன்று தோல்வியுற்ற அப்பெரியவர், புகழ் அவரது தலைக்கேறிவிட்டது என்றும், அவருக்கும் கடவுளுக்கும் இடையே ஆணவம் ஒரு கருந்திரையாக நிற்கின்றது என்றும் கடிந்தார் எனக் கூறப்படுகின்றது.

ரண்தீர்சிங்கை ஆளும் வர்க்கத்தின் கையாள் எனத் தள்ளிவிடுதல் வரலாற்றுக்கு நீதி செய்வதாகாது. 1915ஆம் ஆண்டின் எழுச்சி முயற்சியோடு தொடர்புற்று ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஏகாதிபத்தியத்தின் சிறைகளிற் கழித்தவர் அவர். சீக்கிய சமய நம்பிக்கை அவரைக் கோழையாக்கவில்லை. நாத்திகம் பகத்சிங்கைச் சுயநலவாதியாக்கவுமில்லை. ஒரே அரசு ஒரே காரணத்துக்காக இருவரையுஞ் சிறையிட்டது. ஆத்திகம், நாத்திகம் என்ற பிரிகோடும் தியாகம், தன்னலம் என்ற பிரிகோடும் ஒன்றல்ல என்பதற்கு இச்சந்திப்பே சான்றாகும்.

பகத்சிங்கின் விடையில் மூன்று கூறுகள் நமது கவனத்துக்குரியன. முதலாவது காலவரிசை பற்றியது. தாம் பெயரறியப்படாத இளைஞனாக இருந்தபோதே, 1926ஆம் ஆண்டின் இறுதியளவில், கடவுளில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டமையால், பின்னர் வந்த புகழ் அதற்குக் காரணமாக இருத்தல் இயலாது என்கின்றார். இரண்டாவது தருக்கம் பற்றியது. அகந்தையால் ஒருவன் கடவுளுக்குப் போட்டியாளனாகத் தன்னைக் கருதலாம். அல்லது தானே கடவுள் எனலாம். இரண்டிலும் கடவுள் என்ற கருத்து எஞ்சி நிற்றலின் அவன் நாத்திகனாகான். மூன்றாவது கூறு மிக ஆழமானது. நம்பிக்கையாளனுக்கு மரணத்தின் பின் மறுபிறப்போ சுவர்க்கமோ காத்திருக்கின்றது. தமக்கோ கயிறு இறுகும் கணமே இறுதிக் கணம். எந்தப் பிரதிபலனையும் எதிர்பாராது மனித விடுதலைக்கு உயிரைக் கொடுப்பவனை அகந்தையன் என்பது எவ்வாறு பொருந்தும் என அவர் வினவுகின்றார். முடிவு நெருங்குகையில் நீயும் பிரார்த்திப்பாய் என ஒரு நண்பர் கூறியபோது, தன்னலங் கருதிப் பிரார்த்தித்தல் தமக்கு இழிவு என மறுத்ததையும் பதிவுசெய்கின்றார்.

ஆயின், பெரியோரையும் முன்னோரின் நம்பிக்கையையும் வினாவுக்குட்படுத்துபவன் அகந்தையன் என்ற பழியைச் சுமக்க நேர்கின்றது எனவும் பகத்சிங் சுட்டுகின்றார். இங்குதான் தனிமனித உளவியல் முடிந்து சமூக வரலாறு தொடங்குகின்றது.

2

ரண்தீர்சிங்கின் கருந்திரை உருவகம் தமிழ் வாசகருக்குப் புதியதன்று. தன்முனைப்பைச் சைவ சித்தாந்தம்போல் முதன்மைப்படுத்திய தத்துவங்கள் சிலவே. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதத்தோடு சாத்திர வடிவம் பெற்ற இத்தத்துவத்தில், உயிரைப் பற்றிய மும்மலங்களுள் ஆணவமே மூலமலமாகும். 14ஆம் நூற்றாண்டினரான உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் அதனை இருளினுங் கொடியதாகக் காட்டுவர். இருள் பிற பொருள்களை மறைப்பினும் தன்னையேனும் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது மறைந்து நிற்கும் என்பது அவர் கருத்து.

மெய்கண்டாரைப் பற்றி மரபுவழி வழங்கும் வரலாறு ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அவர்தங் குடும்பத்துக்குக் குலகுருவாயிருந்தவர் ஆதிசைவ அந்தணராகிய அருணந்தி சிவாசாரியார். சிறுவனொருவன் ஞானம் உபதேசிப்பதைக் கேட்டுச் சினந்துவந்த அவர், ஆணவத்தின் சொரூபம் யாது என வினவினாராம். வேளாளச் சிறுவராகிய மெய்கண்டார் மறுமொழி கூறாது அவரை உச்சிமுதல் உள்ளங்கால்வரை நோக்கினாராம். வினவி நின்ற கோலமே விடையென உணர்ந்த அருணந்தி அடிபணிந்து மாணவரானார் என்பது கதை. இது வரலாற்று நிகழ்ச்சியா என்பதன்று நமது பிரச்சினை. சோழப் பேரரசின் தளர்ச்சிக் காலத்தில் அறிவதிகாரம் குறித்து அந்தணர்க்கும் வேளாளர்க்குமிடையே நிலவிய முரண்பாட்டின் சாயல் இதிற் புலப்படுகின்றது. மேலிருப்பவனின் ஆணவத்தைக் கீழிருப்பவன் சுட்டிக்காட்டும் உரிமையை இக்கதை அங்கீகரிக்கின்றது. அவ்வளவில் இது முற்போக்கானதே.

ஆனால் அவ்வுரிமை வேளாளரோடு நின்றுவிட்டது. எல்லா உயிர்களையும் ஆணவம் அநாதியே பற்றியுள்ளது எனின், மூவாயிரவர் அந்தணருக்கும் ஆதனூர்ப் புலைப்பாடிக்கும் அது பொதுவேயாம். எனினும், சித்தாந்த சாத்திரங்கள் தோன்றுவதற்கு முற்பட்ட 12ஆம் நூற்றாண்டிலேயே சேக்கிழார் பாடிய நந்தனார் வரலாற்றில், தில்லையினுட் புகுதற்குத் தீயில் மூழ்கவேண்டியவர் நந்தனார் ஒருவரே. தத்துவத்திற் பொதுவாயிருந்த அழுக்கு, நடைமுறையில் ஒரு பக்கத்தாருக்கு மட்டும் உரியதாயிற்று. பின்வந்த சாத்திரம் இந்நிலையை மாற்றவில்லை. நிலமானிய சமுதாயத்தில் நிலவுடைமையாளனது ஆணவம் 'குலப்பெருமை' என்றும், உழைப்பவனது தலைநிமிர்வு 'ஆணவம்' என்றும் பெயர்பெற்றன. சொல் ஒன்றே, பொருளைத் தீர்மானித்தது சமூகப் படிநிலை.

3

இப்பின்னணியிலேயே பகத்சிங்கின் கட்டுரை தமிழுக்கு வந்தமையை நோக்கவேண்டும். பகத்சிங் பிறந்த அதே 1907ஆம் ஆண்டிலே பூதப்பாண்டியிற் பிறந்த ப. ஜீவானந்தம் 1934இல் அதனைத் தமிழாக்கினார். சுயமரியாதை இயக்கத்தின் வழி வெளியான அந்நூலுக்காகப் பிரித்தானிய அரசு ஜீவாவைக் கைதுசெய்தது. கடவுளில்லை என்ற கூற்றைவிட, அதனைக் கூறியவர் தூக்கிலிடப்பட்ட புரட்சியாளர் என்பதே அரசை அச்சுறுத்தியது என்பதில் ஐயமில்லை.

ஈ.வெ.ரா. பெரியார் 1925இற் காங்கிரசை விட்டு நீங்கி வளர்த்தெடுத்த இயக்கம் 'சுயமரியாதை' என்ற பெயரைத் தேர்ந்தமை ஆழ்ந்த கருத்துடையதாகும். 'யான்', 'எனது' என்பனவற்றை அறுப்பதே வீடுபேற்றின் வாயில் எனப் பல நூற்றாண்டுகளாகப் போதிக்கப்பட்ட ஒரு பண்பாட்டில், 'சுயம்' என்ற சொல்லோடு 'மரியாதை' இணைக்கப்பட்டது. இதனைத் தன்முனைப்பின் வழிபாடு எனக் கொள்ளல் தவறு. 'யான்' என்று சொல்வதற்கே உரிமை மறுக்கப்பட்டவனிடம் 'யானை' விட்டுவிடு எனக் கூறுவதிற் பொருளில்லை. உடையவனே துறக்க முடியும்; இல்லாதவன் முதலிற் பெறவேண்டும். சுயமரியாதை என்பது பிறனைத் தாழ்த்தித் தன்னை உயர்த்தல் அன்று. தாழ்த்தப்படுவதற்கு உடன்பட மறுத்தல் ஆகும். ஆணவத்துக்கும் அதற்குமுள்ள வேறுபாடு இதுவே.

ஜீவாவின் பிற்கால வாழ்வும் ஒரு குறிப்பை வேண்டி நிற்கின்றது. பெரியாரைப் பிரிந்து பொதுவுடைமை இயக்கத்தின் தலைவராக உயர்ந்த அவர், நாத்திகராக இருந்துகொண்டே கம்பனிலும் பாரதியிலும் ஆழ்ந்த ஈடுபாடு காட்டினார். பக்தி இலக்கிய மரபை எரிக்கவேண்டிய குப்பையாக அன்றி, மக்கள் தம் வேட்கைகளை அக்காலத்து மொழியில் வெளியிட்ட களஞ்சியமாகக் கண்டார். அவர்பாற் கொண்ட மதிப்பால் அவரது பெயரையே தமது பெயரோடு இணைத்துக்கொண்ட டொமினிக் ஜீவா, 1966இல் யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை'யைத் தொடங்கினார் என்பதையும் இவ்விடத்து நினைவுகூரலாம்.

4

மேற்கூறிய முரண்பாடு நமது நாட்டில் மிகக் கூர்மையாக வெளிப்பட்ட களம் 1960களின் யாழ்ப்பாணமாகும். 19ஆம் நூற்றாண்டிலே ஆறுமுக நாவலர் முன்னின்ற சைவ மறுமலர்ச்சி, மிஷனரிமாரை எதிர்த்து நின்ற வகையிற் பண்பாட்டுத் தற்காப்பாக அமைந்தது. ஆயினும் சாதியாசாரத்தை அது கைவிடவில்லை. மும்மல விளக்கத்தைப் பாடசாலையிற் கற்ற சமூகமே கோயிற் கதவை மூடிவைத்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறிய பின்னரும் இந்நிலை நீடித்தது. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சென்ற ஊர்வலத்தின் பின் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருப்பெற்றது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் முன் தாழ்த்தப்பட்ட மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தபோது கதவுகள் அடைக்கப்பட்டன.

கதவுக்கு வெளியே நின்றோர் முருகனை வழிபட வந்த பக்தர்கள். கதவை அடைத்து நின்றோரும் பக்தர்களே. வெளியே நின்றோரின் உரிமைக்காகப் போராடியோருள் முன்னணியில் நின்றவர்களோ கடவுள் நம்பிக்கையற்ற மார்க்ஸியவாதிகள். தாம் நம்பாத ஒரு தெய்வத்தைப் பிறர் வழிபடும் உரிமைக்காக அவர்கள் அடியுண்டனர். ஆத்திகம் பணிவைத் தருமா, நாத்திகம் அகந்தையைத் தருமா என்ற வினா இக்கோயில் வாயிலிற் பொருளிழந்து போகின்றது. 'இவர்களுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது' என்ற பழைய சொல் அன்று தேநீர்க் கடையிற் சமமாக அமர்ந்தவனை நோக்கியே வீசப்பட்டது. கதவை அடைத்தவனை நோக்கியன்று. இப்போராட்டங்களிற் பங்குகொண்ட கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் இவ்வாழ்வின் இலக்கியச் சாட்சியமாகும்.

5

இவ்வாறு கூறுதலால் நாத்திகம் ஆணவத்துக்கு அப்பாற்பட்டது என நாம் முடிவுசெய்துவிடலாகாது. சோவியத் ருஷ்யாவில் 1925இல் உருவாகி 1947வரை இயங்கிய போர்க்குணமிக்க நாத்திகர் சங்கம் அரசின் ஆதரவோடு செயற்பட்டது. 1931 டிசெம்பரில் மொஸ்கோவின் மீட்பர் கிறிஸ்து பேராலயம் அரசினால் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சிறையில் இருந்த பகத்சிங்கின் நாத்திகமும் அரச பீடத்தில் இருந்த நாத்திகமும் பெயரால் ஒன்றேயாயினும் சமூகப் பண்பால் வேறானவை. முன்னையது அதிகாரத்தை வினாவிற்று. பின்னையது அதிகாரத்தின் குரலாயிற்று. உமாபதியார் ஆணவத்துக்குக் கூறிய இலக்கணம் இதற்குந் தகும். தன்னை விஞ்ஞானம் என அழைத்துக்கொண்ட அதிகாரம் தன் ஆணவத்தைத் தானே காணவில்லை.

மார்க்ஸிய மூலவர்களின் நோக்கு இதுவன்று. 1844இல் மார்க்ஸ் எழுதியபோது சமயத்தைத் துன்பத்தின் வெளிப்பாடாகவும், அதே வேளை துன்பத்துக்கு எதிரான முறைப்பாடாகவும் கண்டார். பக்தனின் அறியாமையை எள்ளுவதன்று அவர் நோக்கம். அவனது கண்ணீருக்குக் காரணமான உலகை மாற்றுவதே. 1909இல் லெனின், வேலைநிறுத்தம் நடக்கும் ஓரிடத்தில் நம்பிக்கையுள்ள தொழிலாளரிடையே நாத்திகப் பிரசாரத்தை முதன்மைப்படுத்துதல் ஒற்றுமையைக் குலைத்து முதலாளிக்கும் பாதிரிக்குமே உதவும் என எச்சரித்தார். கிராமத்துத் தாயின் நேர்த்திக்கடனைக் கண்டு நகைக்கும் படித்த பகுத்தறிவுவாதியிடம் நாம் காண்பது பொருள்முதல்வாதமன்று. கல்வியாற் பெற்ற வர்க்க மேன்மையே.

6

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, தன்முனைப்பு நம்பிக்கையிலிருந்தோ நம்பிக்கையின்மையிலிருந்தோ பிறப்பதன்று என்பது தெளிவாகும். மனிதன் மனிதன்மீது செலுத்தும் ஆதிக்கத்திலேயே அது வேர்கொள்கின்றது. ஆதிக்கம் சமயத்தின் மொழியைப் பேசும் காலத்தில் அது பக்திக் கோலம் பூணும். பகுத்தறிவின் மொழியைப் பேசும் காலத்தில் அறிவுக் கோலம் பூணும்.

எனவே, ஒருவன் ஆணவமுடையவன் எனக் கூறப்படும் இடத்தெல்லாம் கூறுபவன் எங்கு நிற்கின்றான் என நாம் கேட்டல் வேண்டும். கேட்கப்படும் பணிவு மேலோரும் கீழோரும் ஒருங்கே ஏற்கும் பணிவா, ஒரு சாராரிடம் மட்டும் எதிர்பார்க்கப்படும் பணிவா எனவும் கேட்டல் வேண்டும். மெய்கண்டாரின் மௌன நோக்கு அருணந்தியின் கோலத்தைக் காட்டியது. அந்நோக்கை வேளாளரின் எல்லையோடு நிறுத்திவிடாது சமுதாயத்தின் அடித்தளம்வரை கொண்டுசெல்லல் ஆராய்ச்சியாளர்க்கும் எழுத்தாளர்க்கும் உரிய பணியாகும். அப்பணியில் ஈடுபடும் நாத்திகர் தம்மையும் அந்நோக்குக்கு உட்படுத்திக்கொள்ளுதல் இன்றியமையாதது.