அரை மணி ராட்டையும் உறையூர்த் தறியும்

"தினமும் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும், வீட்டிலேயே செய்துவிடலாம்." கைவினை சொல்லித் தரும் புத்தகங்களிலும் டிவி நிகழ்ச்சிகளிலும் அடிக்கடி வரும் வாக்கியம் இது. அப்பாவுக்கு ஆபீஸ், அம்மாவுக்கு ஆபீஸோடு அடுப்படி, பிள்ளைகளுக்கு டியூஷன். இப்படி ஓடுகிற குடும்பத்துக்கு மிஞ்சுவது அரை மணிதான் என்பது அவர்கள் கணக்கு. இதே வாக்கியத்தை ஒரு நாடு முழுவதற்கும் சொல்லிப் பார்த்த காலம் ஒன்று உண்டு. சொன்னது எந்தக் கைவினை ஆசிரியரும் அல்ல, காங்கிரஸ் கட்சி!

1924 ஜூன் மாதம் அகமதாபாத்தில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி, காங்கிரஸ் அமைப்புகளின் பிரதிநிதிகள் தினமும் குறைந்தது அரை மணி நேரம் ராட்டையில் நூல் நூற்க வேண்டும், மாதம் 2000 கெஜம் அனுப்ப வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பெல்காம் காங்கிரஸ். காந்தி தலைமை வகித்த ஒரே மாநாடு அதுதான். அங்கே விதி இன்னும் இறுகியது. கட்சியில் உறுப்பினராக இருக்கவே மாதம் 2000 கெஜம் நூல் கொடுக்க வேண்டும். நூற்க மனமில்லாதவர் இன்னொருவர் நூற்றதை வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒரு ஓட்டையும் அந்த விதியிலேயே இருந்தது. மனித மனத்தை அறிந்தவர்கள் எழுதிய விதி! ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. 1925 செப்டம்பரில் பாட்னாவில் நாலணா சந்தாவும் போதும் என்று தளர்த்திவிட்டு, நூற்கும் வேலையைக் கவனிக்க அகில இந்திய சர்க்கா சங்கம் என்ற தனி அமைப்பை உண்டாக்கினார்கள்.

இந்த அரை மணியை எதிரே வைத்துப் பார்க்கத் தமிழ்நாட்டில் பொருத்தமான ஊர் உறையூர். திருச்சி மாநகராட்சிக்குள் ஒரு பகுதியாகிவிட்ட ஊர்தான், ஆனாலும் துணிக்கு அங்கே இரண்டாயிரம் வருடச் சரித்திரம் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளுஸ்' என்ற வணிகக் கையேடு, 'அர்காரு' என்ற ஊரிலிருந்து மெல்லிய துணி ஏற்றுமதியானது என்றும், அந்தத் துணிக்கு ஊரின் பெயரே வழங்கியது என்றும் சொல்கிறது. அந்த அர்காரு உறையூர்தான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் உறையூரில் அகழாய்வு செய்தபோது செங்கல்லால் கட்டிய ஒரு செவ்வகத் தொட்டி கிடைத்தது. துணிக்குச் சாயம் தோய்க்கும் தொட்டியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். கூடவே ரோமானிய வணிகத்தைக் காட்டும் மட்பாண்டச் சில்லுகளும் கிடைத்தன.

(உறையூரின் இன்னொரு வீட்டுத் தொழில் சுருட்டு. திண்டுக்கல் பக்கத்துப் புகையிலையைக் கையால் சுருட்டிய 'திருச்சினாப்பள்ளி' சுருட்டு இங்கிலாந்து வரை போயிற்று. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் துப்பறிவாளர் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று சொல்லிவிடுவார். சுருட்டியது யார் என்று அவருக்கும் தெரியாது!)

சரி, நெசவுக்கு வருவோம். கைத்தறி என்றால் ஒருவர் உட்கார்ந்து நெய்கிற படம்தான் நமக்குத் தெரியும். உண்மையில் அது ஒரு குடும்பம் முழுவதும் ஓடுகிற இயந்திரம். வீட்டின் முன்னறையிலோ கூடத்திலோ தரையில் ஒரு குழி. குழிக்குள் கால் மிதிக்கட்டை, குழியின் விளிம்பில் நெய்பவர் உட்காரும் இடம். குழித்தறியைத் தரையோடு தாழ்வாக அமைப்பதில் ஒரு காரணம் உண்டு. தரைக்கு அருகில் இருக்கும் ஈரப்பதம் பருத்தி இழையை எளிதில் அறுந்துவிடாமல் காக்கும்.

நெய்வது கடைசி வேலை. அதற்கு முன்னால் நூலை நனைத்துச் சாயம் ஏற்ற வேண்டும், காயவைக்க வேண்டும், சிட்டத்திலிருந்து பிரித்துச் சுற்ற வேண்டும். சேலையின் நீளவாட்டு இழையான பாவைத் தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சிப் பசை தடவி, தூரிகையால் நீவி இழை பிரிக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டிய வேலை. மழை வந்தால் நாள் போச்சு. பிறகு புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் தறியில் இருக்கும் பழைய பாவின் இழையோடு விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள்! இத்தனையும் முடிந்து நெய்பவர் நாடாவை ஓடவிட்டால், குறுக்கே போகும் ஊடை நூலுக்குத் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க ஒருவர் வேண்டும். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்களும் பாட்டிமாரும் பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும். உலையில் அரிசி கொதிக்கும், கை தார் சுற்றும். வீட்டு வேலைக்கும் தொழிலுக்கும் நடுவில் சுவர் கிடையாது.

இப்போது காந்தியின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கெஜத்துக்கும் சற்றே அதிகமாக, 48 அங்குல அகலத்தில் 6 கெஜம் நீளச் சேலை. முரட்டுக் கதர் என்று வைத்து அங்குலத்துக்கு 40 இழை போதும் என்று கொள்வோம். அகலத்தில் 1920 பாவு இழைகள், ஒவ்வொன்றும் 6 கெஜம். ஆக 11,520 கெஜம். ஊடைக்கும் அதே 11,520. மொத்தம் 23,040 கெஜம். மாதம் 2000 கெஜம் என்றால் ஒருவர் பதினொன்றரை மாதம் நூற்றால் ஒரு சேலைக்கு நூல் தேறும். சேதாரத்தைச் சேர்த்தால் சரியாக ஒரு வருடம். தினம் அரை மணி, வருடத்துக்கு ஒரு சேலை! இதைக் கேலி செய்யவும் முடியும், வியக்கவும் முடியும். நான்கு பேர் உள்ள வீட்டில் எல்லோரும் நூற்றால் அந்த வீட்டுக்கு வருடத்துக்கு நான்கு சேலைக்கான நூல். கடைக்கே போகாமல் பாதி உடை கிடைத்துவிடும். காந்தி சொன்னது அதைத்தான். வருடத்தில் பல மாதங்கள் வேலையில்லாமல் இருக்கும் விவசாயிக்கு அது நியாயமான யோசனையும்கூட.

நெசவாளர் வீட்டில்தான் கணக்கு இடித்தது. அங்கே சும்மா இருக்கும் அரை மணி என்று ஒன்று இல்லை. மேலும், பழகாத கைகள் நூற்ற நூலில் முறுக்கு ஒரே சீராக இருக்காது, ஓர் இடம் தடிப்பு, ஓர் இடம் நைப்பு. தறியில் ஏற்றினால் அறும். அறுந்த இழையை முடிவதற்கு நெய்பவர் நிற்க வேண்டும். கூலியோ சேலைக்கு இவ்வளவு என்றுதானே? யாரோ ஒருவர் தேசபக்தியோடு நூற்ற நூலின் குறை நெசவாளர் வயிற்றில் விழுந்தது. அதனால் நெசவாளர்கள் மில் நூலையே நாடினார்கள். அதற்காக அவர்களைக் குறை சொன்னவர்கள் தறியில் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

நூற்பவர்களின் கூலியும் மிகக் குறைவுதான் என்பதைக் காந்தியே பிறகு உணர்ந்தார். 1935இல் சர்க்கா சங்கம் வயிறு கழுவும் அளவுக்காவது கூலி தர வேண்டும் என்று முடிவெடுத்தது. கதர் விலை ஏறும், விற்காது என்று சங்கத்துக்குள்ளேயே முணுமுணுப்பு இருந்தும் அவர் விடவில்லை. கைத்தறித் துணியை விற்றுக்கொடுக்க சென்னை மாகாணத்தில் 'கோ-ஆப்டெக்ஸ்' தொடங்கியதும் அதே 1935இல்தான். சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் ஒரே நேரத்தில் பல கதிர்களில் நூல் நூற்கும் ராட்டையைக் கண்டுபிடித்தார். அவர் பெயரின் நடுத்துண்டுதான் 'அம்பர்' சர்க்கா. வடநாட்டில் பலர் இதை ஆகாயம் என்ற பொருளில் வைத்த பெயர் என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

உறையூரில் பருத்திச் சேலை நெசவு கூட்டுறவுச் சங்கங்களை நம்பி நின்றது. ஆனால் விசைத்தறி வந்தது, பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனார்கள், தறிகள் குறைந்தன. இதில் வருத்தப்பட மட்டும் என்ன இருக்கிறது? தார் சுற்றாமல் பள்ளிக்கூடப் பாடம் படிக்கப் போன பெண்ணுக்கு அது லாபம்தான்.

இன்று பள்ளிக் கைவேலையில் 'அட்டைத் தறி' சொல்லித் தருகிறார்கள். ஒரு அட்டையின் இரு ஓரத்திலும் அரை அங்குல இடைவெளியில் வெட்டு, அதில் இருபது இழை நூல், நடுவே மேலும் கீழுமாகப் பழைய துணிக்கீற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் ஒரு சின்ன விரிப்பு தயாராகிவிடும். நல்ல வேலை, செய்து பார்க்கலாம். கடைசி வரியில் கை வலிக்கும்போது, இருபதுக்குப் பதில் 1920 இழை என்று நினைத்துப் பார்க்கலாம்.

2019-20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு நெசவாளர்கள் 26.73 லட்சம் என்றும், தார் சுற்றுவது, பாவு போடுவது போன்ற துணை வேலை செய்பவர்கள் 8.48 லட்சம் என்றும் தனித்தனியாக எண்ணியது. கணக்கெடுப்பு அப்படி எண்ணினாலும், வீட்டுத் தறியில் சேலைக்கு இவ்வளவு என்று கூலி எழுதப்படும் இடத்தில் தார் சுற்றியவருக்கு இன்னும் தனி வரி கிடையாது.