விரிசல் காட்டிய வடிவம்: சல்கினாடோபெல் பாலத்தின் முன்வரலாறு

சுவிட்சர்லாந்தின் கிரௌபுண்டன் மாநிலத்தில், ஷியர்ஸ் ஊரிலிருந்து மலைமேல் இருக்கும் ஷூடர்ஸ் கிராமத்துக்குப் போகும் சாலை ஓர் ஆழ்ந்த பள்ளத்தாக்கைக் கடந்தாக வேண்டும். அதை 90 மீட்டர் அகலத்துக்கு ஒரே வளைவில் தாண்டுகிறது, 1930-இல் கட்டி முடிக்கப்பட்ட சல்கினாடோபெல் கான்கிரீட் பாலம். இதைக் கட்டமைத்த பொறியாளர் ராபர்ட் மயார் (1872–1940). கலை வரலாற்றாசிரியர் சிக்ஃபிரீட் கீடியன் மயாரின் பாலங்களை நவீன ஓவியத்தின் பக்கத்தில் வைத்துப் பேசினார். 1947-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய பணிக்கென ஒரு கண்காட்சியே நடத்தியது. அந்தப் புகழ் முழுத் தகுதியோடு வந்ததுதான். ஆனால் ஒரு கலைஞனின் கண் ஒரே வீச்சில் கண்டெடுத்த வடிவம் இது என்ற எண்ணத்தையும் அதுவே பரப்பிவிட்டது. இந்த வடிவத்தின் பிறப்பைத் தேடினால் நாம் போய்ச் சேருவது 27 ஆண்டுகளுக்கு முன் வேறொரு பாலத்தின் சுவரில் தோன்றிய விரிசல்களிடம் என்பதே என் வாதம்.

அந்தப் பாலம் இன் ஆற்றின்மேல் சுவோட்ஸ் என்ற ஊரில் 1901-இல் எழுந்தது. அதுவரை கான்கிரீட் வளைவைக் கல் வளைவின் மாற்றாகவே கண்டார்கள்: கனமான வளைவு சுமக்கும், அதன்மேல் உள்ள சுவரும் சாலைத்தளமும் வெறும் பாரம். மயார் வளைவுப் பலகை, பக்கச் சுவர்கள், சாலைத்தளம் மூன்றையும் ஒட்டவைத்து உள்ளீடற்ற ஒரே பெட்டியாக்கினார். பாரமாக இருந்தவையும் சுமக்கத் தொடங்கின. சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் அவருக்குக் கற்பித்த வில்ஹெல்ம் ரிட்டர் பாலத்தின் சுமைச் சோதனையை நடத்தினார். ஆனால் 1903-இல், கரையை ஒட்டிய பகுதியில் பக்கச் சுவர்கள் விரிசல் கண்டன. சுவரைத் தடிப்பாக்குவதோ கூடுதல் கம்பி இடுவதோதான் வழக்கமான மருந்து. மயார் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு: விரிசல் விட்ட பிறகும் பாலம் நிற்கிறதென்றால், அந்த இடத்தில் சுவர் எதற்கு? 1905-இல் ரைன் நதியின் மேற்பகுதியில் 51 மீட்டர் வீச்சில் கட்டிய தவனாசா பாலத்தில் அந்தச் சுவர்த் துண்டுகளையே அவர் நீக்கிவிட்டார். கரையருகே வளைவு மெல்லிய பலகையாகத் தனித்து நின்றது. பின்னாளில் உலகம் வியந்த வடிவம் அதுதான்.

அந்த நீக்கம் சரியென்பதற்கு இயக்கவியலில் காரணம் உண்டு. வளைவின் இரு அடிகளிலும் உச்சியிலுமாக மூன்று கீல்கள். வெயிலில் கான்கிரீட் விரிந்தாலும் குளிரில் சுருங்கினாலும் உச்சி சற்றே உயர்ந்து தாழ்கிறது. உடலில் இறுக்கம் சேர்வதில்லை. கீல் இருக்கும் இடத்தில் வளைக்கும் விசை சுழியம் என்பதால் அங்கே கனம் தேவையில்லை. ஒருபக்கச் சுமை வரும்போது அந்த விசை உச்சம் தொடுவது அடிக்கும் உச்சிக்கும் இடைப்பட்ட கால்பங்கு இடங்களில். சல்கினாடோபெல் பாலத்தின் ஒவ்வொரு பாதியும் நடுவில் ஆழமாகி இரு முனைகளிலும் மெலிவது இதனால்தான்.

தவனாசா பாலம் 1927-இல் மலைச்சரிவில் அழிந்தது. மறு ஆண்டு சல்கினாடோபெல் (சுருக்கமாகச் சல்கினா) பாலத்துக்காக நடந்த போட்டிக்கு வந்த 19 வடிவமைப்புகளுள் மயாரும் ஒப்பந்தக்காரர் ஃபுளோரியன் பிராடரும் தந்ததே விலை குறைந்தது. இங்கே ஒரு மறுப்பு எழும்: மலிவுதான் காரணமென்றால் வடிவத்தின் வரலாற்றைத் தேடுவானேன்? ஆனால் மலிவே அந்த வடிவத்தின் விளைவு. ரிச்சர்ட் கோரே எழுப்பிய மரச்சாரம் முதலில் வார்த்த மெல்லிய வளைவுப் பலகையை மட்டும் தாங்கினால் போதும். அது இறுகியபின் சுவர்களின், தளத்தின் எடையை அதுவே ஏற்றுக்கொண்டது. அத்தனை உயரத்தில் சாரம் இலேசானால் செலவும் இலேசாகும்.

இன்னொரு மறுப்பு கனமானது. விசைகளே வடிவத்தைத் தீர்மானித்தனவென்றால், அதே பாடம் படித்த பிற பொறியாளர்கள் ஏன் இதை அடையவில்லை? கணக்கு ஒரே விடையைத் தருவதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எதை நீக்கலாம் என்று துணிவது மனிதர் தேர்வு. அங்கே மயாரின் கண்ணுக்கு இடம் உண்டு. ஆயினும் அந்தக் கண் எதைத் தேடியது என்பதற்கு அவரே சான்று விட்டுச்சென்றார். சல்கினாவின் வளைவு உச்சியில் அடிப்பக்கம் மென்மையாகத் தொடர்வது, எல்லோரும் அழகென்று புகழும் அந்தக் கோடு, கல் வளைவின் பழக்கத்துக்குத் தான் காட்டிய சலுகை என்று பின்னாளில் அவர் கருதினார். கீலில் சந்திக்கும் இரு பாதிகள் ஒரே தொடர்வளைவாகத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. 1933-இல் துர் ஆற்றின்மேல் கட்டிய ஃபெல்செக் பாலத்தில் உச்சியில் கோடு முறிந்து கூர்மையாகிறது. 1991-இல் அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கம் பன்னாட்டு வரலாற்றுச் சின்னமாக ஏற்றது சல்கினாவைத்தான். அதை எழுப்பியவரோ, முடித்த மூன்றே ஆண்டில் அதன் வளைவைத் திருத்தியிருந்தார்.