கல்லறைத் தோட்டம் காத்த காடு



ஈஸ்ட்ஹாமிலும் இல்ஃபர்டிலும் வாழும் நம்மவர் பலர் கோடை மாலைகளில் பிள்ளைகளோடு செல்லும் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸ் புல்வெளி, எப்பிங் காட்டின் தென்பகுதி. அது வீட்டுமனைகளாகாமல் தப்பிய வரலாற்றை அறிந்தோர் சிலரே.

19ஆம் நூற்றாண்டில் இலண்டன் பெருகியபோது, நிலக்கிழார்கள் அக்காட்டைத் துண்டு துண்டாக வேலியிட்டுத் தமதாக்கினர். லௌட்டன் என்னும் ஊரில், 1860களில், ஆயிரம் ஏக்கருக்கு மேல் வளைத்தவர் ஜான் விட்டேக்கர் மெய்ட்லண்ட். அவர் அவ்வூர் நிலக்கிழார்; பங்குக்குருவும் அவரே. ஆங்கிலிக்கன் குருதானே என்று நழுவிக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை.

அவ்வூர் ஏழைகளுக்குத் தொன்மையான உரிமை ஒன்று இருந்தது. நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள் தொடங்கி, ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் திருநாள் வரை, மரத்தை அடியோடு வெட்டாமல் மேற்கிளைகளை மட்டும் விறகுக்குத் தறித்துக்கொள்ளலாம். வேலியைப் பொருட்படுத்தாமல் அவ்வுரிமையைக் கைக்கொண்டார் தாமஸ் வில்லிங்கேல் என்னும் முதிய தொழிலாளி. 1866இல் அவர் மகனும் உறவினர் இருவரும் இல்ஃபர்டில் சிறை வைக்கப்பட்டனர். அவர் தொடுத்த வழக்கு முடியவில்லை. 1870இல் அவரே மறைந்தார்.

மறு ஆண்டு ஜூலையில் வான்ஸ்டெட் ஃபிளாட்ஸில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர், வேலிகள் பிடுங்கப்பட்டன. அவ்வாண்டே சிட்டி ஆஃப் லண்டன் மாநகராட்சி வழக்காடத் தொடங்கியது. நகரத்தாருக்குக் காட்டில் என்ன உரிமை என்று கேட்பீர்கள். இறந்தோரை அடக்க நகருக்குள் இடமில்லாமையால், 1850களில் ஆல்டர்ஸ்புரூக்கில் ஒரு பண்ணை நிலத்தைக் கல்லறைத் தோட்டத்துக்காக அவர்கள் வாங்கியிருந்தனர். அந்நிலத்தோடு கால்நடை மேய்க்கும் உரிமையும் வந்தது. அது காடு முழுவதும் செல்லும் உரிமை! இந்த ஒரு நூலிழையைப் பற்றியே வழக்கு வென்றது. வேலிகள் சட்டத்துக்கு மாறானவை என 1874இல் நீதிபதி ஜார்ஜ் ஜெசல் தீர்ப்பளித்தார். காட்டை வேலியிடாமலும் அதில் வீடுகள் எழும்பாமலும் பொதுமக்களுக்காகக் காக்க வேண்டும் என்று 1878இல் சட்டம் பிறந்தது.

ஆனால் அதே சட்டம் கிளை தறிக்கும் உரிமையை முடித்துவைத்தது. நகரத்தார் உலாவ வந்தனர், விறகெடுத்தோர் விலகினர். இழப்பீட்டுப் பணத்தில் 1884இல் லௌட்டனில் எழுந்த ‘லாப்பிங் ஹால்’ மண்டபம் இன்றும் நிற்கிறது. அடுத்த முறை காட்டுக்குள் செல்லும்போது பழைய ஹார்ன்பீம் மரங்களை நிமிர்ந்து பாருங்கள். தலைக்கு மேலே அடிமரம் முண்டுமுண்டாகப் புடைத்து, அங்கிருந்து பல பெருங்கிளைகள் ஒருங்கே எழுந்திருக்கும். கோடரி இறங்கிய இடம் அதுவே.