இரண்டாவது ஓநாய் எங்கே போனது?

ஓநாய் ஒரு பாட்டியை முழுசாக விழுங்குகிறது. அடுத்து பேத்தியை. வேட்டைக்காரர் வந்து அதன் வயிற்றைக் கத்தரிக்கோலால் கிழிக்கிறார். 1990-ல் கலிபோர்னியாவின் கல்வர் சிட்டி பள்ளி நிர்வாகம் ஒரு 'லிட்டில் ரெட் ரைடிங் ஹூட்' படப்புத்தகத்தை வகுப்பிலிருந்து விலக்கியது. ஆனால் சொல்லப்பட்ட காரணம் இது எதுவுமில்லை. சிறுமியின் கூடையில் ஒரு ஒயின் பாட்டில் தெரிந்ததுதான் பிரச்சினை.

அந்தப் புத்தகத்தை வரைந்தவர் ட்ரினா ஷார்ட் ஹைமன். 1983-ல் வந்தது, அடுத்த வருடமே கால்டிகாட் ஹானர் கிடைத்தது. அவர் ஒயினைச் சொந்தமாகச் சேர்க்கவில்லை. 1812-ல் கிரிம் சகோதரர்கள் அச்சிட்ட கதையிலேயே அம்மா கொடுத்தனுப்புவது கேக்கும் ஒயினும்தான். நோயாளிப் பாட்டிக்குத் தெம்பு வேண்டாமா?

கிரிம்முக்கும் முன்னால், 1697-ல், பிரான்சில் ஷார்ல் பெரோ எழுதியதில் வேட்டைக்காரரே கிடையாது. ஓநாய் தின்றுவிடும், கதை முடிந்துவிடும். கீழே செய்யுளில் ஒரு நீதி: இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டு பெண்கள் பின்னால் வருகிற ஓநாய்கள்தான் ரொம்ப ஆபத்து. பெரோவுக்கு மிருகத்தைப் பற்றிக் கவலையே இல்லை என்பது அங்கே தெரிந்துவிடும். இன்னொன்று, பெரோவின் அம்மா பாதையை விட்டு விலகாதே என்று சொல்வதில்லை. அந்த எச்சரிக்கை கிரிம்மில்தான் வருகிறது. அதாவது நடந்தது பிள்ளையின் தப்பு, ஏனென்றால் அவள் சொல்பேச்சு கேட்கவில்லை! எனக்கு இது ஒயினைவிட உறுத்துகிறது.

பிரெஞ்சு கிராமங்களில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பதிவான வடிவங்கள் வேறு ரகம். படுக்கையில் இருக்கும் சிறுமி "அவசரமா வெளிய போகணும்" என்கிறாள். ஓநாய் காலில் கயிறு கட்டி அனுப்புகிறது. அவள் கயிற்றை ஒரு பிளம் மரத்தில் கட்டிவிட்டு வீட்டைப் பார்த்து ஓடிவிடுகிறாள். யாரும் வந்து காப்பாற்றவில்லை.

சுவாரசியம் என்னவென்றால், கிரிம்மும் இதைச் சுத்தமாகத் தொலைக்கவில்லை. அவர்கள் கதைக்கு ஒரு வால் உண்டு. சிறுமி இன்னொரு நாள் போகும்போது இன்னொரு ஓநாய் வருகிறது. அவள் நேராகப் பாட்டி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்கிறாள். இருவரும் கதவைப் பூட்டுகிறார்கள். ஓநாய் கூரையில் ஏறிக் காத்திருக்கிறது. சாசேஜ் வேகவைத்த தண்ணீரை வாசலில் உள்ள கல்தொட்டியில் ஊற்றச் சொல்கிறாள் பாட்டி. வாசனைக்குக் கழுத்தை நீட்டி நீட்டி, சறுக்கி விழுந்து, தொட்டியில் மூழ்கிச் சாகிறது ஓநாய். நான் பார்த்த பெரும்பாலான படப்புத்தகங்களில் இந்தப் பகுதி கிடையாது. அக்கா பொண்ணுக்கு இதை நான் வாயால்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. சாசேஜ் என்றால் முழிக்கிறாள், அதனால் எங்கள் கதையில் மீன் குழம்பு.

எட் யங்கின் 'லோன் போ போ' (1989, கால்டிகாட் பதக்கம் 1990) சீனாவின் வாய்மொழிக் கதையிலிருந்து வந்தது. அங்கே பாட்டியைப் பார்க்கப் போவது அம்மா. மூன்று அக்கா தங்கைகள் வீட்டில் தனியாக இருக்கும்போது, பாட்டி வேஷத்தில் ஓநாய் வந்து கதவைத் தட்டுகிறது. மூத்தவள் ஷாங் ஜின்கோ கொட்டையின் மகிமையைச் சொல்லி ஆசைகாட்டுகிறாள். மரத்து மேலிருந்து கூடையில் வைத்து அதைத் தூக்கி, கயிற்றை விடுகிறார்கள். அம்மா திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. முகத்தில் பாதி இருட்டாகவே இருக்கும் அந்த ஓநாயை மறப்பது கஷ்டம்.

ஓவியர்கள் வார்த்தையை மாற்றாமலேயே கதையை மாற்றுவார்கள். 1965-ல் வார்யா லவாட்டெர் முகமே வரையவில்லை. மடிப்பு மடிப்பாக விரியும் தாளில் சிறுமி ஒரு சிவப்புப் புள்ளி, ஓநாய் கறுப்புப் புள்ளி, காடு பச்சைப் புள்ளிகள். ஃப்ளோசார்ட் பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு அது உடனே பிடித்துப்போனது. கறுப்பு நெருங்கும்போது உண்மையிலேயே பயம் வருகிறது.

சாரா மூன் 1983-ல் பெரோவின் வரிகளை அப்படியே வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் எடுத்தார். காடு இல்லை, ராத்திரி நேரத்து நகரத் தெரு. ஓநாய் இல்லை, ஒரு கார். கடைசிப் படத்தில் கசங்கிய படுக்கை விரிப்பு, ஆள் இல்லை. ஐந்து வயதுக்காரிக்கு அதை நான் காட்டமாட்டேன். பன்னிரண்டு வயதில் காட்டாமல் இருக்கவும் மாட்டேன். இடைப்பட்ட ஏழு வருடத்துக்கு மீன் குழம்பு இருக்கிறது.