கரியாஹாட் நடைபாதைச் சந்தை: வாடிக்கையாளர் ஆதரவும் சட்டம் தரும் இடமும்

கொல்கத்தாவின் பாலிகஞ்ச் பகுதிக்குக் கடைவீதி என்றால் கரியாஹாட்தான். இங்கே பெரிய துணிக்கடைகளும் நடைபாதைக் கடைகளும் ஒன்றையொன்று சார்ந்து பிழைக்கின்றன. இந்த வீதியை வாழவைத்தது அக்கம்பக்கத்து மக்களின் ஆதரவு. ஆனால் அந்த ஆதரவு வாங்குவதோடு நின்றுவிடுவதால், ஒவ்வொரு நெருக்கடியிலும் நடைபாதை வியாபாரி தனித்துவிடப்படுகிறார். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், தெரு வியாபாரத்தை முறைப்படுத்தும் நகர விற்பனைக் குழுவில் குடியிருப்போருக்கும் ஓர் இருக்கை தருகிறது. அதில் உட்காருவதே இனி உண்மையான ஆதரவு என்பது இக்கட்டுரையின் வாதம்.

கரியாஹாட் வழியே செல்லும் ராஷ்பிஹாரி அவென்யூ, கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை அமைத்த அகலச் சாலை. தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளில் பலர் தென் கல்கத்தாவின் நடைபாதைகளில் கடை விரித்தனர். நடப்பதற்காகப் போட்ட பாதை, வேர் இழந்து வந்தவர்களுக்குப் பிழைப்பு மூலதனமாயிற்று.

வியாபாரம் எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்பதை ஒரு புடவையைப் பின்தொடர்ந்தாலே காணலாம். பெரிய கடையில் தாந்த் என்னும் வங்கப் பருத்திப் புடவை எடுத்தவர் வெளியே வந்ததும் ஃபால்ஸ், உள்பாவாடை, ரவிக்கைத் துணி, வளையல் என்று நடைபாதையில் நிற்கிறார். வளையலுக்கு வந்தவர் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் புடவையைப் பார்த்து உள்ளே ஏறுகிறார். வங்க ஆண்டின் கடைசி மாதமான சைத்ரத்தில் நடக்கும் தள்ளுபடி விற்பனையில் இரு தரப்புக்கும் கூட்டம் ஒன்றே. கேனிங், லட்சுமிகாந்தபூர் ரயில்களில் பாலிகஞ்ச் நிலையத்தில் இறங்கி வீட்டு வேலைக்கு வரும் பெண்களும், அவர்கள் வேலை செய்யும் வீட்டுக்காரர்களும் ஒரே தெருவில் வாங்குகிறார்கள். அருகில் லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் கரியாஹாட் பழகிய வீதி.

இந்த வாங்கும் பழக்கத்தின் வலுவும் வரம்பும் 1996 நவம்பரில் தெரிந்தன. இடது முன்னணி அரசும் மாநகராட்சியும் ‘ஆபரேஷன் சன்ஷைன்’ என்ற பெயரில் கரியாஹாட் உள்ளிட்ட சாலைகளில் நடைபாதைக் கடைகளை இடித்தன. நடைபாதை வியாபாரிகளின் பல சங்கங்கள் சேர்ந்து ஹாக்கர் சங்கிராம் கமிட்டியாகப் போராடின. கடைகள் படிப்படியாகத் திரும்பின. வாங்குவோர் காத்திருந்ததால்தான் திரும்ப முடிந்தது. ஆயினும் இடிபட்ட இரவில் அந்த வாங்குவோரால் எதையும் தடுக்க முடியவில்லை.

நடைபாதைக் கடைகளை எதிர்ப்போரின் வாதத்திலும் நியாயம் உண்டு. சக்கர நாற்காலிக்கு வழி வேண்டும். வரியும் வாடகையும் கட்டும் கடைக்காரரின் வாசல் மறையக்கூடாது. 2019 ஜனவரியில் கரியாஹாட் சந்திப்பின் அடுக்குமாடிக் கட்டடம் எரிந்து துணிக்கடைகள் நாசமானபோது, நடைபாதைக் கடைகளின் பிளாஸ்டிக் கூரைகள்மேல் பழி விழுந்தது. பிளாஸ்டிக் ஆபத்துதான். ஆனால் நாளை இருப்போமா என்று தெரியாதவர் நிலையான கூரை போடமாட்டார். பாதுகாப்பின்மைக்கு ஒரு காரணம் உரிமையின்மை என்பதை இந்த விபத்திலிருந்து நாம் கற்க வேண்டும்.

அகற்றி வேறிடம் கொடுப்பது தீர்வாகுமா? சென்னை பாண்டி பஜாரில் 2013-இல் நடைபாதை வியாபாரிகள் அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். 2019-இல் அங்கே நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. நடப்பவருக்கு இடம் கிடைத்தது நல்லதே. ஆனால் போகிற போக்கில் வாங்கப்படும் சரக்கு மாடிப்படி ஏறிப் போய்த் தேடப்படுவதில்லை. நடைபாதைக் கடையின் முதலீடே அது இருக்கும் இடம்தான்.

2014 சட்டம் இதை உணர்ந்திருக்கிறது. கணக்கெடுப்பு முடியும்வரை வெளியேற்றக்கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வணிகர் சங்கங்களுக்கும் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் இடம் உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்துவரும் இயல்புச் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்குள்ளோரை இடம் மாற்றக்கூடாது என்பதும் அதன் அட்டவணையில் உள்ளது. அகதிகளின் காலத்தில் வேர்கொண்ட கரியாஹாட் சந்தை இதற்குத் தகுதியானது. 1996-இன் இடிப்பு தொடர்ச்சியை அறுத்துவிட்டது என்று யாரேனும் வாதிட்டால், அரசே உண்டாக்கிய இடைவெளியை வியாபாரியின் கணக்கில் எழுதுவது அநீதி.

சட்டம் வந்து பத்தாண்டு கழித்தும், 2024 ஜூனில் கொல்கத்தா நகரெங்கும் கடைகளை அகற்றும் பணி முதலில் தொடங்கியது. ஒரு மாத அவகாசமும் கணக்கெடுப்பும் பிறகே வந்தன. வரிசை தலைகீழாயிற்று. நகர விற்பனைக் குழு உயிரோடு இயங்கி, அதில் குடியிருப்போரின் குரலும் இருந்தால் இந்த வரிசையைத் தட்டிக் கேட்க ஆள் இருக்கும்.

நடைபாதையில் மூன்றில் ஒரு பங்கு கடைக்கு, இரண்டு பங்கு நடப்பவருக்கு என்ற கொல்கத்தா விதியைத் தொடங்குபுள்ளியாகக் கொள்ளலாம். எல்லைக்கோட்டை எங்கே போடுவது, தீயணைப்பு வண்டிக்கு எந்த வாசல், தீப்பிடிக்காத கூரைக்கு யார் செலவு என்பவற்றைக் குடியிருப்போரும் கடைக்காரரும் நடைபாதை வியாபாரியும் ஒரே மேசையில் பேசி எழுதி வைக்க வேண்டும். பேரம் பேசி வாங்கிய மக்கள், அந்த வியாபாரி நாளையும் அங்கே உட்காருவதற்காக மாநகராட்சியிடமும் பேச வேண்டும்.